இரசாயன பரிசோதனைக்கு மாதிரிகளைக் கரைத்தலும் நுண்ணலை அடுப்பின் உபயோகமும்

குடியானவர் ஒருவர் தம் நிலத்திற்கு வாங்க எண்ணும் நகரக் கம்போஸ்டு எருவில் ஒரு கிலோவை எடுத்துப் பையிலிட்டுப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்புகிறார். பின்னர் வரும் அறிக்கையில், ஈயம் இத்தனை மில்லிகிராம், காட்மியம் இத்தனை மில்லிகிராம் என்று எண்கள் காணப்படுகின்றன. அவ்வெண்களை நம்பியே அவர் எருவை வாங்குகிறார், அல்லது வேண்டாமென்று விடுகிறார். ஆனால் அவர் அனுப்பிய ஒரு கிலோவில் உண்மையாகப் பரிசோதிக்கப்பட்டது ஏறக்குறைய அரை கிராம் மாத்திரமே என்பதும், அந்த அரை கிராமும் திராவகத்தில் கரைக்கப்பட்ட பின்னரே அளக்கப்பட்டது என்பதும் பலர் அறியாதவை. அளக்கும் கருவி எவ்வளவு நுட்பமானதாயினும், கரைக்கும் வேலையில் தவறு நேர்ந்தால் அறிக்கை பொய்த்துவிடும். மாதிரி எடுப்பதிலேயே தவறு நேர்ந்துவிட்டால் எந்தக் கருவியாலும் அதைத் திருத்த இயலாது. இவ்விரண்டு வேலைகளையும் பற்றிய விவரங்கள் இங்கே கூறப்படுகின்றன.

மாதிரியைக் கரைப்பது ஏன்?

எரு, இலை, தானியம் முதலியவற்றிலுள்ள உலோகச் சத்துக்களை அளக்கும் கருவிகளுள் பெரும்பாலானவை, தெளிந்த நீர்போன்ற கரைசலை மாத்திரமே ஏற்கும். கரைசலைச் சுடரிலோ பிளாஸ்மாவிலோ தெளித்து, அந்தந்த உலோகத்திற்கே உரிய ஒளியைக்கொண்டு அதன் அளவைக் கணக்கிடுவது அவற்றின் வழக்கம். இலைத்தூளை அப்படியே நீரில் கலக்கினால், துத்தநாகமும் இரும்பும் நார்ப்பொருளுக்குள்ளேயே சிக்கிக்கொண்டிருக்கும். ஆகையால் நார், மாவு, புரதம், கொழுப்பு ஆகிய கரிப்பொருள்களை முற்றிலும் அழித்து, உலோகங்களைத் திராவகத்தில் விடுவித்தல் அவசியமாகிறது. அவ்வாறு செய்கையில் இருப்பதில் ஒன்றும் குறையக்கூடாது, இல்லாதது ஒன்றும் சேரக்கூடாது. இவ்விரு நிபந்தனைகளையும் ஒருங்கே நிறைவேற்றுவதுதான் கடினம்.

பழைய முறைகளும் அவற்றின் குறைகளும்

முதலாவது முறை சாம்பலாக்குதல். மாதிரியை மஃபில் உலை என்னும் மின்சார உலையில் 450 முதல் 550 டிகிரி சென்டிகிரேடு வரையிலான வெப்பத்தில் பல மணி நேரம் வைத்து, எஞ்சும் சாம்பலைத் திராவகத்தில் கரைப்பர். சுண்ணாம்பு, மக்னீசியம் முதலியவற்றை அளக்க இது இன்றும் ஏற்றதே. ஆனால் பாதரசமும் ஆர்சனிக் என்னும் பாஷாணமும் அவ்வெப்பத்தில் ஆவியாகிப் போய்விடும். வெப்பம் மிகுந்தால் காட்மியமும் ஈயமும் கூட ஓரளவு குறையும். நஞ்சு இருக்கிறதா என்று கேட்டு அனுப்பிய மாதிரியிலிருந்து நஞ்சே பறந்துபோனால், அறிக்கை குடியானவரை ஏமாற்றுவதாகவே முடியும்.

இரண்டாவது முறை, திறந்த குடுவையில் நைட்ரிக் திராவகத்தையும் பெர்குளோரிக் திராவகத்தையும் சேர்த்துச் சூட்டுத் தட்டின்மேல் காய்ச்சுவது. இது பல மணி நேரம் பிடிக்கும். திராவகம் நிறையச் செலவாகும்; திறந்த குடுவையில் தூசியும் விழும். மேலும் பெர்குளோரிக் திராவகம் கரிப்பொருளுடன் சேர்ந்து வற்றும்போது வெடிக்கக்கூடியது. ஆதலால் அதற்கென அமைந்த புகைக்கூண்டின்றி அதைக் கையாளுதல் ஆபத்தாகும்.

தழைச்சத்தை அளக்கும் முறை வேறு. டென்மார்க்கு தேசத்துக் கோபன்ஹேகன் நகரில் கார்ல்ஸ்பெர்க் ஆராய்ச்சிச் சாலையிலிருந்த ஜோஹன் கெல்டால் என்பவர் 1883-ஆம் ஆண்டில் வெளியிட்ட முறைப்படி, மாதிரியைக் கந்தகத் திராவகத்தில் காய்ச்சி, அதிலுள்ள தழைச்சத்தை அம்மோனியாவாக மாற்றி அளப்பர். இம்முறை இன்றும் வழக்கிலுள்ளது.

நுண்ணலை அடுப்பு வந்த வரலாறு

நுண்ணலை என்பது வானொலி அலைகளின் இனத்தைச் சேர்ந்தது. ரேடார் கருவிக்காக உண்டாக்கப்பட்ட இவ்வலைகள் உணவைச் சூடாக்கவும் வல்லவை என்பதைக் கண்டு, அமெரிக்காவில் ரேத்தியன் கம்பெனியைச் சேர்ந்த பெர்சி ஸ்பென்சர் 1945-ஆம் ஆண்டில் உரிமைப் பத்திரத்திற்கு மனுச் செய்தார். பிற்காலத்தில் மைக்ரோவேவ் அடுப்பு என்னும் பெயரால் அது வீடுகளிலும் புகுந்தது. 1975-ஆம் ஆண்டில் அபு-சம்ரா, மாரிஸ், கொயர்ட்டியோஹான் என்னும் மூவர், உயிர்ப்பொருள் மாதிரிகளைத் திராவகத்தில் கரைக்க அவ்வடுப்பை உபயோகித்துத் தம் முடிவுகளை வெளியிட்டனர். 1986-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய அளவைச் சாலையைச் சேர்ந்த கிங்ஸ்டன், ஜாஸி என்னும் இருவர், மூடிய பாத்திரத்தினுள் வெப்பத்தையும் அழுத்தத்தையும் அளந்தபடியே கரைக்கும் விதத்தை விளக்கினர். இன்று பெரிய பரிசோதனைச் சாலைகளில் காணப்படுபவை இந்த மூடிய பாத்திர வகையைச் சேர்ந்தவையே.

அடுப்பு வேலைசெய்யும் விதம்

சாதாரண அடுப்பில் நெருப்பு முதலில் பாத்திரத்தையும், பாத்திரம் பின்னர் உள்ளிருக்கும் பொருளையும் சூடாக்கும். நுண்ணலை அடுப்பிலோ அலைகள் பாத்திரத்தை ஊடுருவிச் சென்று திரவத்தையே நேராகச் சூடாக்குகின்றன. இவ்வலைகள் வினாடிக்கு 245 கோடி தடவை திசை மாறி அதிர்பவை. நீரின் அணுக்கூட்டுகள் ஒரு முனையில் நேர் மின்னும் மறு முனையில் எதிர் மின்னும் உடையவையாதலால், அலையின் திசை மாறுந்தோறும் தாமும் திரும்ப முயன்று ஒன்றோடொன்று உராய்கின்றன. திராவகத்திலுள்ள மின்னேற்ற அணுக்களும் முன்னும் பின்னும் அலைக்கப்படுகின்றன. இவ்விரண்டு காரணங்களாலும் வெப்பம் உண்டாகிறது.

பாத்திரங்கள் டெப்லான் இனத்தைச் சேர்ந்த வெண்மையான பொருளால் செய்யப்பட்டவை. அப்பொருள் அலைகளைத் தடுப்பதில்லை. நைட்ரிக் திராவகத்தாலும் அரிக்கப்படுவதில்லை. உலோகப் பாத்திரமாயின் அலைகளைத் திருப்பி எறிந்துவிடும்.

மூடியின் பயன் பிரஷர் குக்கரை அறிந்தவர்களுக்கு எளிதில் விளங்கும். திறந்த குடுவையில் கெட்டியான நைட்ரிக் திராவகம் ஏறக்குறைய 120 டிகிரியில் கொதித்துவிடுகிறது. அதன்பின் எவ்வளவு எரித்தாலும் வெப்பம் ஏறாது, திராவகந்தான் ஆவியாகும். மூடிய பாத்திரத்திலோ ஆவி வெளியேற வழியின்மையால் அழுத்தம் கூடி, வெப்பம் 180 டிகிரிக்கு மேலும் உயரக்கூடும். நைட்ரிக் திராவகத்தில் மாவுப்பொருள் சுமார் 140 டிகிரியிலும், புரதம் சுமார் 150 டிகிரியிலும், கொழுப்பு சுமார் 160 டிகிரியிலும் சிதைகின்றன. ஆதலால் திறந்த குடுவையில் நைட்ரிக் திராவகத்தால் மட்டும் முடியாத வேலை, மூடிய பாத்திரத்தில் பெர்குளோரிக் திராவகத்தின் துணையின்றியே நிறைவேறுகிறது. ஆவி வெளியேறாமையால் பாதரசமும் பாஷாணமும் உள்ளேயே தங்குகின்றன. தூசியும் உட்புகுவதில்லை.

வேலை நடக்கும் வரிசை

மண், வண்டல், கழிவுச் சேறு ஆகியவற்றுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிலையம் வகுத்துள்ள 3051 எண்ணுடைய முறையை உதாரணமாகக் கொள்ளலாம். அதன்படி, உலர்த்திப் பொடி செய்து கலந்த மாதிரியில் அரை கிராமுக்கு மேற்படாமல் நிறுத்து, 10 மில்லி நைட்ரிக் திராவகம் சேர்க்க வேண்டும். பின்னர் பாத்திரத்தை மூடி, சுமார் ஐந்தரை நிமிஷத்திற்குள் 175 டிகிரிக்கு உயர்த்தி, மொத்தம் 10 நிமிஷம் முடியும்வரை அவ்வெப்பத்திலேயே வைத்திருக்க வேண்டும். நன்றாக ஆறிய பின்னரே பாத்திரத்தைத் திறப்பர்.

மாதிரியை அரை கிராமுக்கு மேல் ஏற்றாமைக்குக் காரணம் உண்டு. கரிப்பொருள் சிதையும்போது வாயுக்கள் பெருகி அழுத்தத்தை மேலும் உயர்த்தும். எரு, எண்ணெய் வித்து போன்றவற்றைத் திராவகத்துடன் சிறிது நேரம் திறந்தே வைத்து, நுரை அடங்கியபின் மூடுவதும் இதற்காகவே.

கணக்கிடும் விதம் பின்வருமாறு. அரை கிராம் எருவைக் கரைத்து, தூய நீர் சேர்த்து 50 மில்லியாக்கியதாகவும், கருவி லிட்டருக்கு 0.03 மில்லிகிராம் காட்மியம் காட்டியதாகவும் கொள்வோர், 50 மில்லியில் இருப்பது 0.0015 மில்லிகிராம் என்று காண்பர். அது அரை கிராம் எருவினின்று வந்தது. ஆகவே ஒரு கிலோ எருவில் 3 மில்லிகிராம் காட்மியம் உள்ளது. கரைசலில் நேரும் சிறு பிழையும் கிலோவுக்குக் கணக்கிடும்போது அதே விகிதத்தில் பெருகிவிடுமென்பது இதனால் விளங்கும்.

இக்காரணம்பற்றியே ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி இடாமல் திராவகம் மட்டும் கொண்ட வெறும் பாத்திரம் ஒன்று வைக்கப்படுகிறது. திராவகத்திலிருந்தோ பாத்திரத்திலிருந்தோ வந்த உலோகத்தை அது காட்டிக்கொடுக்கும். சத்தின் அளவு முன்னரே நிச்சயிக்கப்பட்ட பொருளொன்றையும் உடன் கரைப்பர். அமெரிக்க நிலையமொன்று வெளியிடும் 1568 எண்ணுடைய அரிசி மாவு இத்தகையது. அம்மாவுக்கு உரிய எண் சரியாக வந்தால்தான் மற்ற எண்களை நம்பலாம்.

இம்முறை உதவாத இடங்கள்

முதலாவது, தழைச்சத்து. நைட்ரிக் திராவகத்திலேயே தழைச்சத்து அடங்கியிருப்பதால், அதில் கரைத்த மாதிரியைக்கொண்டு தழைச்சத்தை அளத்தல் கூடாது. அதற்குக் கெல்டால் முறையே தக்கது.

இரண்டாவது, மணற்சத்து. வைக்கோலிலும் உமியிலும் சிலிக்கா மிகுந்துள்ளது. நைட்ரிக் திராவகத்தில் அது கரையாமல் வெண்மையான வண்டலாக நிற்கும். மண்ணிலுள்ள மணலும் அவ்வாறே. அதையும் கரைக்க ஹைட்ரோபுளோரிக் திராவகம் வேண்டும். அது மிகவும் கொடியது.

மூன்றாவது, குடியானவர்கள் முக்கியமாக அறியவேண்டியது. திராவகத்தில் முற்றிலும் கரைத்து அளப்பது மண்ணின் கையிருப்பைக் காட்டுமேயன்றி, பயிருக்கு எட்டும் அளவைக் காட்டாது. ஒரு கிலோ மண்ணில் 50 மில்லிகிராம் துத்தநாகம் இருந்தும், வேருக்குக் கிடைப்பது ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாயிருத்தல் கூடும். பூட்டிய பத்தாயத்திலுள்ள நெல் அன்றைய உலைக்கு உதவாததுபோல் இதுவும் ஆகும். ஆதலால் மண்ணுக்குத் துத்தநாக உரம் வேண்டுமா என்று அறிய, லிண்ட்சே, நார்வெல் என்பவர்கள் 1978-ஆம் ஆண்டில் வெளியிட்ட டி.டி.பி.ஏ. என்னும் கரைசலால் மண்ணைக் குலுக்கி வடித்து அளக்கும் பரிசோதனையே ஏற்றது. அதற்கு நுண்ணலை அடுப்பு தேவையில்லை. இலை, தானியம், எரு ஆகியவற்றிலும், மண்ணில் நஞ்சு சேர்ந்துள்ளதா என்ற ஆராய்ச்சியிலுமே மாதிரியைத் திராவகத்தில் கரைத்தல் வேண்டும்.

நகரக் கம்போஸ்டும் காட்மியமும்

நகரக் குப்பையில் மின்கலங்கள், வர்ணங்கள், உலோகத் துண்டுகள் முதலியன கலந்துவிட்டால், அவற்றின் உலோகங்கள் எருவிலும் சேரும். இந்திய சர்க்காரின் 1985-ஆம் வருஷத்திய உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி, நகரக் கம்போஸ்டு ஒரு கிலோவில் காட்மியம் 5 மில்லிகிராம், ஈயம் 100 மில்லிகிராம், குரோமியம் 50 மில்லிகிராம், நிக்கல் 50 மில்லிகிராம், ஆர்சனிக் 10 மில்லிகிராம், பாதரசம் 0.15 மில்லிகிராம் ஆகிய அளவுகளுக்கு மேற்படலாகாது.

இவ்வெல்லை ஏன் வேண்டுமென்பதை ஒரு கணக்கால் அறியலாம். ஏக்கருக்கு ஆண்டுதோறும் 5 டன் எரு இடுவதாகவும், அதில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் காட்மியம் இருப்பதாகவும் வைத்துக்கொண்டால், ஆண்டொன்றுக்கு 100 கிராம் காட்மியம் நிலத்தில் சேரும். ஓர் ஏக்கரின் மேல் 15 சென்டிமீட்டர் மண் ஏறக்குறைய 9 லட்சம் கிலோ எடையுள்ளது. ஆகவே ஒரு கிலோ மண்ணில் ஆண்டுக்கு 0.11 மில்லிகிராமும், ஐந்தாண்டுகளில் 0.55 மில்லிகிராமும் ஏறும். எல்லைக்குட்பட்ட 5 மில்லிகிராம் எருவாயின் அதே அளவு ஏற 20 ஆண்டுகள் ஆகும். தழைச்சத்து கரைந்து போகும். இலைமக்கு எரிந்து போகும். காட்மியமோ பெரும்பாலும் மேல்மண்ணிலேயே தங்கிவிடும். தந்தை இட்ட எருவின் நஞ்சு மகன் காலத்திலும் நிலத்தை விட்டு அகலாது.

ஜப்பான் தேசத்தில் தொயாமா மாகாணத்து ஜின்ஸு ஆற்றுப் பாசனத்தில் நேர்ந்தது இதற்குச் சான்று. மேலேயிருந்த கமியோகா சுரங்கத்தின் கழிவிலிருந்து காட்மியம் ஆற்றுநீர் வழியே நெல்வயல்களில் படிந்தது. அந்த அரிசியை நெடுங்காலம் உண்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டு, எலும்புகள் நொறுங்கும் கொடிய நோய் கண்டது. நோயின் காரணத்தை அந்நாட்டு சர்க்கார் 1968-ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்டனர். இன்று சர்வதேச உணவு நியமத்தின்படி, தீட்டிய அரிசி ஒரு கிலோவில் காட்மியம் 0.4 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. இத்தனை நுண்ணிய அளவை நிச்சயிப்பதற்கே பழுதற்ற கரைப்பு முறை வேண்டியிருக்கிறது.

இலை மாதிரியும் துத்தநாகமும்

நெல் நட்ட இரண்டு மூன்று வாரங்களில் இலைகளில் துருநிறப் புள்ளிகள் தோன்றிப் பயிர் குன்றுவதுண்டு. வட இந்தியாவில் தராய்ப் பிரதேசத்தில் கைரா என்று வழங்கிய இந்நோய் துத்தநாகக் குறைவால் வருவதென்பதை நேனே என்பவர் 1966-ஆம் ஆண்டில் காட்டினார். பயிரின் இலையில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழ்த் துத்தநாகம் இருப்பின் குறைவு உண்டென்று ஐயுறலாம்.

உலர்ந்த இலை 10 கிராமை ஒருவர் அனுப்புவதாகவும், அதில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் துத்தநாகம் இருப்பதாகவும் கொண்டால், அம்முழு மாதிரியிலும் உள்ள துத்தநாகம் 0.15 மில்லிகிராம் மாத்திரமே. துத்தநாக முலாம் பூசிய வாளியில் இலைகளை இட்டு வைத்ததால், எளிதில் கண்ணுக்குப் படாத ஒரு துகள் அதனுடன் சேர்ந்துவிட்டால் 15 என்பது 30 ஆகிவிடும். பரிசோதனைச் சாலையார் எவ்வளவு கவனமாகக் கரைத்தாலும் 30 என்றே அறிவிப்பர். குறைவில்லையென்று கருதிக் குடியானவர் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் இடாது விடுவார். பயிரோ குன்றிக்கொண்டே போகும். நஷ்டத்தின் மூலம் வாளியிலிருக்க, பழி பரிசோதனையின்மேல் விழும்.

மாதிரி எடுக்கையில் அனுசரிக்க வேண்டியவை

1. எருக்குவியலின் மேற்பரப்பிலிருந்து மட்டும் எடுத்தல் ஆகாது. குவியலின் பல பக்கங்களிலும், உட்புறத்திலுமாகப் பத்துப் பதினைந்து இடங்களில் சமமாக எடுத்து, சுத்தமான பிளாஸ்டிக் விரிப்பின்மேல் கொட்டி நன்றாகக் கலக்க வேண்டும்.

2. கலந்ததை வட்டமாகப் பரப்பி நான்கு கூறாக்கி, எதிரெதிரான இரு கூறுகளைத் தள்ளி, மற்ற இரண்டையும் மறுபடி கலக்க வேண்டும். ஒரு கிலோ எஞ்சும்வரை இவ்வாறே செய்க.

3. மண் மாதிரியைப் புல் செத்தையை நீக்கிய இடத்தில் ஆங்கில 'வி' வடிவமாக 15 சென்டிமீட்டர் ஆழம் வெட்டி, இரு பக்கங்களிலும் மேலிருந்து கீழ்வரை சீராகச் சுரண்டி எடுக்க வேண்டும். வரப்போரம், மரநிழல், எருக்குவித்த இடம், வாய்க்காலோரம் ஆகியவற்றை விலக்குக. உலோகச் சத்துக்களை அறிய வேண்டுமாயின், மண்வெட்டி பட்ட மண்ணை மூங்கில் குச்சியாலோ மரத்தகட்டாலோ அகற்றிவிட்டு உள்மண்ணைச் சுரண்டுக.

4. இலை மாதிரிக்கு முற்றிலும் விரிந்த இளம் இலைகளை வயலின் பல இடங்களிலிருந்து பறித்து, சுத்த நீரில் சேறு போக விரைவில் அலசி, நிழலில் உலர்த்திக் காகிதப் பையில் அனுப்புக. பிளாஸ்டிக் பையில் ஈர இலை அழுகிவிடும்.

5. துத்தநாக சல்பேட், மாங்கோசெப், தாமிர மருந்து ஆகியவை தெளித்த பயிரின் இலையை அனுப்பலாகாது. மாங்கோசெப் மருந்தில் துத்தநாகமும் மாங்கனீசும் அடங்கியுள்ளன. வேறு வழியில்லையாயின், தெளித்த மருந்தையும் தேதியையும் சீட்டில் எழுதுக.

6. முலாம் பூசிய வாளி, பித்தளைப் பாத்திரம், பழைய உரச்சாக்கு ஆகியவற்றில் எந்த மாதிரியையும் இடலாகாது.

7. சீட்டில் சர்வே எண், பயிர், தேதி, அறியவேண்டியது இன்னதென்பது ஆகியவற்றைத் தெளிவாகக் குறிக்க வேண்டும். எருவாயின் விற்றவர், சரக்கு எண் ஆகியவற்றையும் எழுதி, அதே கலவையில் மற்றொரு பகுதியைக் கட்டி முத்திரையிட்டுத் தம்மிடமே வைத்துக்கொள்ளுதல் நலம்.

ஓர் எச்சரிக்கை

வீட்டு மைக்ரோவேவ் அடுப்பும் பரிசோதனைச் சாலையின் அடுப்பும் வெப்பமுண்டாக்கும் தத்துவத்தில் ஒன்றேயாயினும் அமைப்பில் வேறானவை. பின்னதில் திராவகப் புகை அரிக்காத உட்சுவர், வெப்பத்தையும் அழுத்தத்தையும் கண்காணிக்கும் கருவிகள், மிகுந்த அழுத்தத்தை வெளியேற்றும் வழி ஆகியவை உண்டு. பள்ளிக்கூடங்களிலோ வீடுகளிலோ சாதாரண அடுப்பில் திராவகத்தை வைத்துச் சோதித்தல் உயிருக்கே ஆபத்தாகும்.

முடிவு

ஓர் ஏக்கரின் மேல்மண்ணில் அரை கிராம் என்பது ஏறக்குறைய 180 கோடியில் ஒரு பங்கு. நுண்ணலை அடுப்பு அந்த அரை கிராமில் உள்ளதைச் சிந்தாமல் சிதறாமல் சில நிமிஷங்களில் கரைத்துக் கொடுக்கும். ஆனால் அந்த அரை கிராம் நிலத்திற்கோ எருவுக்கோ உண்மையான பிரதிநிதிதானா என்று அதற்குத் தெரியாது. அதை நிச்சயிப்பது வயலில் நிற்பவரின் கையே. கிராம நிர்வாக அலுவலர்களும் வேளாண்மை உதவி அலுவலர்களும் தங்கள் கிராமங்களில் மாதிரி எடுக்கும் முறையை ஒரு தடவை நேரில் செய்து காட்டினால், குடியானவர்கள் வீண் செலவினின்றும் நிலக்கேட்டினின்றும் தப்புவர். நகரக் கம்போஸ்டைப் பல வண்டிகளாக வாங்குவோர், முதல் வண்டி வயலில் இறங்குமுன்னரே பரிசோதனை அறிக்கையைக் கையில் பெற்றுக்கொள்ளுதல் உத்தமம்.